கையெழுத்துப் பிரதியின் முதல் வாசகர் யார்?

மூன்று வருஷங்களுக்கு முன்னர் ஒரு நாள் பின்னேரம், 212 பக்கக் கையெழுத்துப் பிரதியொன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாத்தளையில் பஸ் ஏறினேன். எமது பக்கத்து மார்க்க அறிஞர்களையும் புலவர்களையும் பற்றி இருபது வருஷமாகச் சேர்த்த குறிப்புகள் அவை. உக்குவளை, வரக்காமுறை, கொங்காவளை என்று அலைந்து, பள்ளிவாசல் திண்ணைகளிலும் குசினி வாசல்களிலும் உட்கார்ந்து கேட்டு எழுதியவை. பையை மடியில் வைத்துக்கொண்டே போனேன்.

நான் போன பதிப்பகம் சிறியது. பெயர் இங்கு அவசியமில்லை. அங்கு நடந்தது எங்கும் நடப்பதுதான். பதிப்பாளர் நல்ல மனிதர். பிளேன்ரீ வரவழைத்துத் தந்தார். பிரதியைக் கையில் வாங்கி, கடைசித் தாளின் இலக்கத்தைப் பார்த்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்.

"டைப் பண்ணினா எத்தின பக்கம் வரும் சேர்? எத்தின கொப்பி அடிக்கிற? கவர் கலர்தானே?"

நாலாவது கேள்வியொன்று வரும் என்று காத்திருந்தேன். 'இது எதைப் பற்றிய புத்தகம்?' என்பது அந்தக் கேள்வி. அது வரவில்லை. நானும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதானால், அவர் கேட்காமல் விட்டது எனக்குள் ஒரு நிம்மதியாகவும் இருந்தது. கேட்டால் வாசிப்பார், வாசித்தால் ஏதாவது சொல்வார், சொன்னால் திருத்த வேண்டி வரும்.

நூல் வந்தது. விழாவும் நடந்தது. எட்டு மாதம் கழித்து, பல்கலைக்கழகத்தில் கற்கும் எமது ஊர்ப் பிள்ளையொருத்தி, நூலின் இரண்டு பக்கங்களில் கடதாசித் துண்டு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"சேர், குறை நினைக்க வாணாம். இது ரெண்டு ஆள். நீங்க ஒராளா எழுதியிருக்கிறீங்க."

முனாஜாத்துகள் பாடிய ஒரு பெரியவரைப் பற்றி நான் எழுதியிருந்தேன். அவருடைய பேரனுக்கும் அதே பெயர். பேரனும் பாட்டுக் கட்டியவர். இருவரையும் ஒருவராக்கி, பேரனின் பாட்டுகளைப் பாட்டனாரின் கணக்கில் வரவு வைத்திருந்தேன். ஒரு பக்கத்தில் நான் கொடுத்த ஆண்டிலிருந்து மற்றப் பக்கத்தில் கொடுத்த ஆண்டைக் கழித்துப் பார்த்தால் போதும்: எனது புலவர் தமது நூற்றுப் பதினேழாவது வயதில் கடைசி முனாஜாத்தைப் பாடியிருப்பார்! நாலாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கழித்தல் கணக்கு அது. ஆனால், அச்சேறும் வரை அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து வாசித்தவர் ஒருவருமில்லை, என்னையும் உட்பட.

அந்தப் பேரனின் மகள் இன்னும் உயிரோடிருக்கிறார். போய்ப் பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை. "என்ட வாப்பா கவி கட்டினது எனக்குத் தெரியும் மாஸ்டர். பக்கத்துல இருந்து எழுதிக் குடுத்ததே நான்தான். உங்கட புத்தகத்துல அவர் பொறக்கவே இல்லியே" என்றார். அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எனது பாவமன்னிப்பாக எழுதவில்லை. அதே பிழையை அடிப்படையாகக் கொண்டு எமது பதிப்புச் சூழலை விமர்சிக்க விரும்புகிறேன். 'எங்களுக்கென்று நல்ல பதிப்பகங்கள் இல்லை' என்று எழுத்தாளர் நாம் முறையிடுகிறோம். அச்சிட்டுத் தர ஆள் இல்லாத காலம் எப்போதோ போய்விட்டது. இன்று இல்லாமற் போயிருப்பது அச்சுக்கு முன் வாசிப்பவர்.

மூன்று தொழில், ஒரு பெயர்

நூலொன்று வெளிவருவதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. எழுதுவது ஒன்று. அச்சிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, 'இது அச்சேறத் தகுந்ததுதானா? எங்கே குறை? எங்கே மிகை? எங்கே பிழை?' என்று பார்த்து, தனது பெயரை அதன் கீழ் வைப்பது மூன்றாவது. அந்த மூன்றாவது வேலையைச் செய்பவர்தான் பதிப்பாளர். எமது பேச்சில் அச்சகத்தாரையும் பதிப்பாளர் என்கிறோம். பணம் கொடுக்கும் எழுத்தாளரும் தனது வீட்டு விலாசத்துக்கு ஒரு பெயர் சூட்டி 'வெளியீட்டகம்' ஆகிவிடுகிறார். நடுவிலிருந்த வேலை மட்டும் யாருடைய கையிலும் இல்லை.

பதிப்பாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். இலங்கையில் ஒரு தமிழ் நூலுக்கு முந்நூறு, ஐந்நூறு பிரதிகள் என்பதே வழமை. அவ்வளவு குறைந்த தொகைக்குப் பிரதியொன்றின் அடக்கவிலை தானாகவே ஏறிவிடும். கடைக்குக் கொடுத்தால் கழிவு போகும். மீதிக் காசு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2022 நெருக்கடியில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. நாளிதழ்கள் பக்கம் குறைத்தன. அந்த நிலையில் சிறிய பதிப்பாளர் ஒருவர் தனது கைக்காசைப் போட்டு ஒரு கவிதைத் தொகுதியை வெளியிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எழுத்தாளர் செலவைப் பொறுப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை.

எழுத்தாளர் காசு கொடுத்து நூல் போடுவது ஈனமான காரியமும் அல்ல. எமது நவீன எழுத்தின் தொடக்கமே அப்படித்தான். கண்டி தந்த அறிஞர் எம்.ஸி. சித்திலெப்பை (1838-1898) 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் அவரது 'அசன்பேயுடைய கதை' வெளிவந்தது. அவர் ஒரு பதிப்பகத்தின் வாசலில் காத்து நின்றவரல்லர். எழுதியவரும் அவரே, வெளியிட முன்னின்றவரும் அவரே. ஆனால் பத்திரிகை நடத்துபவருக்கு ஒரு கட்டாயமுண்டு. இந்த இதழில் பிழை விட்டால் அடுத்த இதழுக்குள் வாசகர் கடிதம் வந்துவிடும். எழுதுபவர் வாசகருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டிய ஏற்பாடு அது. எமது இன்றைய தனிநபர் வெளியீட்டில் செலவு மட்டுமே எழுத்தாளருடையது. அந்தக் கட்டாயம் எவருக்கும் இல்லை.

கல்ஹின்னையின் பட்டியல்

'சிறிய இடம், சிறிய சந்தை, என்ன செய்வது?' என்பாருக்கு நான் காட்ட விரும்பும் உதாரணம் வெகுதூரத்தில் இல்லை. மாத்தளையிலிருந்து கண்டி வீதியில் வந்து, அலவத்துகொடையில் அங்கும்புறைப் பாதையில் திரும்பினால் கல்ஹின்னைப் பக்கம் போகலாம். கண்டி மாவட்டம் என்றாலும் எமது மாவட்ட எல்லைக்கு அயல்தான். அந்தக் கிராமத்தின் பெயரைத் தாங்கி, எஸ்.எம். ஹனிபா நடத்திய கல்ஹின்னைத் தமிழ் மன்றம் வெளியிட்ட ஆரம்ப நூல்களை ஒரு விமர்சகனின் கண்ணோடு பாருங்கள்.

1953இல் எம்.எம். உவைஸ் அவர்களின் ஆய்வு நூல், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்கு பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதே ஆண்டில் சு. வித்தியானந்தனின் 'இலக்கியத் தென்றல்'. அடுத்த ஆண்டு அவருடைய 'தமிழர் சால்பு'. இன்று பல்கலைக்கழகங்களில் பெயர் சொல்லப்படும் மூன்று நூல்கள்; மூன்றிலும் வெளியிட்டோர் விலாசம் ஒரு மலைக் கிராமம்.

இதை ஊர்ப் பெருமையாக மட்டும் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது தெரிவு. உவைஸ் அவர்களின் நூல் முதுகலைப் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு. அதாவது, பரீட்சகர்களின் கையில் அடிபட்டு, கேள்வி கேட்கப்பட்டு, பதில் சொல்லி வந்த எழுத்து. 'இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்று ஒன்று உண்டா?' என்று வெளியார் கேட்ட காலத்தில், அவர்களுக்கு விளங்கும் மொழியில் அந்தப் பதிலைக் கொண்டுவருவது லாபத்துக்காகச் செய்யும் காரியமல்ல. வித்தியானந்தனின் நூல்களோ முஸ்லிம்களைப் பற்றியவையே அல்ல. சங்ககாலத் தமிழர் பண்பாட்டைப் பேசுவது 'தமிழர் சால்பு'. 'இது எங்கட ஆளுடைய புத்தகமா?' என்பது அந்தத் தெரிவின் அளவுகோலாக இருந்திருக்க முடியாது என்பதற்கு அந்த மூன்று தலைப்புகளே சாட்சி. உவைஸையும் வித்தியானந்தனையும் ஒரே பட்டியலில் வைத்தது எந்த விமர்சனக் கட்டுரையும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது: முஸ்லிம்களின் தமிழும் தமிழரின் தமிழும் ஒரே அலுமாரியில் இருக்க வேண்டியவை.

பதிப்பாளரின் பட்டியலே அவருடைய முதல் விமர்சனம் என்று நான் கருதுவது இதனால்தான். எதை ஏற்றார், எதை மறுத்தார், எதைக் காத்திருக்கச் சொன்னார் என்பதில் அவருடைய இலக்கியக் கொள்கை இருக்கிறது. கொண்டுவந்த எல்லாவற்றையும் அச்சிடுபவருக்குப் பட்டியல் கிடையாது, கணக்குப் புத்தகம் மட்டுமே உண்டு.

பிற்காலத்தில் உடத்தலவின்னையில் பீ.எம். புன்னியாமீன் நடத்திய சிந்தனை வட்டம் நூற்றுக்கணக்கான நூல்களை வெளியிட்டது. எழுத்தாளர், ஊடகவியலாளர், கலைஞர் விபரங்களைத் தொகுதி தொகுதியாகத் திரட்டியது அதன் பெரும்பணி. எனது நூலுக்கான பல பெயர்களை நான் அங்கிருந்தே தேடத் தொடங்கினேன். கொழும்பில் புரவலர் புத்தகப் பூங்கா, நூலொன்றும் வராத எழுத்தாளரின் முதல் நூலை அச்சிட்டுத் தந்திருக்கிறது. கிராமத்திலிருந்தும் தனிமனித முயற்சியிலிருந்தும் பதிப்பு நடக்கும் என்பதற்கு இவை போதும். ஆகவே, 'எங்களால் முடியாது' என்ற பேச்சை விட்டுவிட்டு, 'எதைச் செய்யாமல் விட்டோம்' என்று பார்ப்போம்.

அரங்கேற்றமும் வெளியீட்டு விழாவும்

எமது முன்னோரிடம் அச்சு இயந்திரம் இருக்கவில்லை; அச்சுக்கு முந்திய வாசிப்பு இருந்தது. சீறாப்புராணத்தின் வரலாற்றை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சீதக்காதி தூண்ட, பின்னர் அபுல்காசிம் மரைக்காயர் ஆதரிக்க, உமறுப்புலவர் பாடினார். நபிகளாரின் வரலாற்றைப் பாடுவதற்கு வேண்டிய மூல உரையைப் பெற மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பா அவர்களிடம் போனார் என்றும், முதலில் மறுப்பே கிடைத்தது என்றும் சொல்லப்படுகிறது. அந்த மறுப்பைப் புலவருக்கு நேர்ந்த அவமானமாகவே கதையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன். புலமை இருந்தால் மட்டும் போதாது, பொருள் சரியாக இருக்கவேண்டும் என்று ஓர் அறிஞர் நின்றுபிடித்திருக்கிறார். அந்தத் தடையைத் தாண்டிய பிறகே காவியம் அரங்கேறியது. அரங்கிலும் புலவர் பாடி முடித்தவுடன் பொன்னாடை போர்த்திவிடுவதில்லை. சபையிலுள்ளோர் தடை எழுப்புவர், புலவர் விடை சொல்லவேண்டும்.

அந்தக் காவியம் அச்சுக்கு வந்தபோதும் அதே ஒழுங்குதான். 1842இல் சீறாவைப் பதிப்பித்த சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள், ஏட்டுப் பிரதிகளைத் தேடி ஒப்பிட்டே அச்சுக்குக் கொடுத்தார். 'புலவர் நாயகம்' என்று போற்றப்பட்டவர். தாமே காவியங்கள் பாடியவர். மற்றொருவரின் நூலைப் பரிசோதிப்பது தம் தகுதிக்குக் குறைந்த வேலை என்று அவர் நினைக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால், ஹதீஸ் கலையிலேயே இதற்குச் சட்டம் உண்டு. மாணவர் எழுதிய பிரதியை மூலத்தோடு ஒப்பிடுவதை முகாபலா என்பர். ஆசிரியர் முன் வாசித்துக் காட்டி, அவர் திருத்தி, அனுமதி கொடுத்த பிறகே அதை அறிவிக்கலாம். உர்வா (ரஹ்) தம் மகன் ஹிஷாமிடம், எழுதிவிட்டாயா என்று கேட்டாராம். ஆம் என்றார் மகன். ஒப்பிட்டுப் பார்த்தாயா என்றார். இல்லை என்றார் மகன். அப்படியானால் நீ எழுதவேயில்லை என்றாராம் தந்தை. இந்தச் செய்தியை இளமையில் மத்ரஸாவில் கேட்டிருக்கிறேன். எனது 212 பக்கங்களுக்கும் அது பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

இப்போது எமது வெளியீட்டு விழாக்களைப் பாருங்கள். கிராஅத் உண்டு, வரவேற்புரை உண்டு, முதற்பிரதி பெறும் புரவலர் உண்டு, நூல் நயவுரை உண்டு. பார்வைக்கு அரங்கேற்றம் போலவே இருக்கிறது. ஒரேயொரு வித்தியாசம்: அரங்கேற்றம் நூல் நிலைபெறுவதற்கு முன் நடந்தது, எமது விழா அச்சடித்த பிறகு நடக்கிறது. அட்டைப்பெட்டிகள் மேடைக்குப் பின்னால் அடுக்கியிருக்கும்போது யார் எழுந்து தடை சொல்வார்? சொன்னால் அது விழாவைக் குழப்பிய குற்றமாகிவிடும். ஆகவே 'நயவுரை' என்ற பெயருக்கேற்ப எல்லாரும் நயம் மட்டுமே உரைக்கிறார்கள்.

நூலின் முன்பக்கங்களும் அப்படியே. ஆசியுரை, அணிந்துரை, வாழ்த்துரை, மதிப்புரை, பதிப்புரை என்று எனது நூலுக்கு ஐந்து. ஐந்தும் சேர்ந்து பதினெட்டுப் பக்கம். ஐவரில் மூவருக்கு நான் அனுப்பியது பொருளடக்கமும் முதல் அத்தியாயமும் மட்டுமே. அதுவும் அட்டை அச்சுக்குப் போன பிறகு, 'ஒரு கிழமைக்குள் தந்தால் நல்லது' என்ற குறிப்போடு. அவர்கள் என்ன செய்வார்கள் பாவம்! 'நூலாசிரியரின் அயராத முயற்சி பாராட்டுக்குரியது' என்று எழுதினார்கள். பழைய சாற்றுகவி, நூலைக் கேட்டவர் கொடுத்த சாட்சி. நான் பெற்றது, என்னைத் தெரிந்தவர்கள் கொடுத்த நற்சான்றிதழ். அதைக் கேட்டு வாங்கியவன் நான்தான்.

இலக்கமும் தகுதியும்

இன்னொரு மயக்கத்தையும் சொல்லவேண்டும். 'ஐ.எஸ்.பி.என். கிடைத்துவிட்டது' என்று எமது இளம் எழுத்தாளர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுக்கும் அந்த இலக்கம் ஒரு முகவரி மாத்திரமே. 955, 624 என்பவை இலங்கையைக் குறிக்கும். தரத்தைக் குறிக்க அதில் ஓர் இலக்கமுமில்லை. அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம் 1885ஆம் ஆண்டுக்குரியது. 'அசன்பே' வெளிவந்த அதே ஆண்டு. அச்சான நூலின் பிரதிகளை அரசுக்குக் கையளிக்கச் சொல்வது அது. அச்சுக்கு முன் யாராவது வாசித்தார்களா என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அரசு வாசித்தால் அது தணிக்கை. நண்பனும் ஆசிரியனும் பதிப்பாளனும் வாசிப்பதுதான் இலக்கிய ஒழுக்கம். அது சட்டத்தால் வராது, நாமாக ஏற்படுத்திக்கொள்வது.

தமிழகத்தில் க்ரியா ராமகிருஷ்ணன் 1974இல் தொடங்கிய பதிப்பகம் குறைந்த எண்ணிக்கையிலேயே நூல்களைக் கொண்டுவந்தது. எழுத்தாளரோடு உட்கார்ந்து வரி வரியாகச் செம்மைப்படுத்துவதே அதன் அடையாளமாக இருந்தது. 2020இல் அவர் மறைந்தபோது எழுத்தாளர்கள் பலர் நினைவுகூர்ந்ததும் அந்த அமர்வுகளைத்தான். அங்கும் சந்தை பெரிதல்ல. 'எனது வேலை வாசிப்பது' என்று ஒருவர் முடிவெடுத்திருந்தார், அவ்வளவுதான்.

மாத்தளைக்கு அது அந்நியமான பழக்கமுமல்ல. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் மூவரும் சேர்ந்து 1980இல் 'தோட்டக்காட்டினிலே' சிறுகதைத் தொகுதியைக் கொண்டுவந்தார்கள். தனித்தனியே மூன்று மெல்லிய நூல் போடாமல் ஒன்றாகச் சேர்ந்தது செலவைப் பகிர்ந்துகொள்ள மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. ஒரே அட்டைக்குள் வரும்போது மற்றவரின் கதைக்கும் உங்கள் பெயர் பிணை நிற்கிறது. எமது பண்ணாமத்துக் கவிராயரோ பல ஆண்டுகள் சஞ்சிகைகளில் எழுதியும் நூலாக்க அவசரப்படாதவர். அவர் அதிகம் எழுதித் தொகுக்கவில்லையே என்று நாம் கவலைப்படுகிறோம். அது நியாயமான கவலைதான். ஆனாலும், ஆண்டுக்கொரு நூல் என்று அடுக்கும் எம்மில் பலருடைய பதினைந்து நூல்களை விட, அவருடைய சில கவிதைகள் வாசகர் நாவில் நிற்கின்றன.

செய்யக்கூடியவை

பிரதியைக் கொண்டுபோகும் எழுத்தாளருக்கு, பட்டவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

முழுப் பிரதியையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நூல் எதைப் பற்றியது, யாருக்கு, இதே பொருளில் முன்பு என்ன வந்திருக்கிறது, உங்களுடையது எதைப் புதிதாகச் சேர்க்கிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்தை எழுத முடியாவிட்டால் நூல் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அதோடு இரண்டு மாதிரி அத்தியாயங்கள். நல்லதாக ஒன்று, உங்களுக்கே சந்தேகமுள்ள ஒன்று.

அச்சகத்துக்கு முன் இரண்டு பேர் வாசிக்கட்டும். ஒருவர் விஷயம் தெரிந்தவர். மற்றவர் விஷயம் தெரியாத, ஆனால் கேள்வி கேட்கக்கூடிய இளையவர். எனது பிழையைக் கண்டது பேராசிரியரல்ல, ஒரு மாணவி. பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் தனிக் கொப்பியில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு தலைமுறையில் வருவது எமது குடும்பங்களில் சாதாரணம். 'இது எந்த அப்துல் காதர்?' என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டும்.

பதிப்பாளரிடம் காசைப் பற்றிப் பேசுமுன் நாலாவது கேள்வியை நீங்களே கேளுங்கள்: "வாசிச்சுப் பார்த்துச் சொல்லுவீங்களா?" வாசிக்கும் வேலைக்குக் கூலி கேட்டால் கொடுங்கள். எனது விழாவில் சிற்றுண்டிக்கும் பதாகைக்கும் போன காசில், மெய்ப்புப் பார்க்க ஒருவருக்கும் விஷயம் சரிபார்க்க ஒருவருக்கும் தாராளமாகக் கொடுத்திருக்கலாம். பேசியதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பிரதி, யார் செலவு, மறுபதிப்பு உரிமை யாருக்கு என்பது தெளிவாக இருக்கட்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், உரிமையைக் கைமாற்றுவதானால் இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும் என்கிறது. 'தெரிந்த ஆள்தானே' என்பது ஒப்பந்தமாகாது. பிறகு அந்தத் தெரிந்த ஆளையும் இழக்க நேரிடும்.

பதிப்பாளர்களிடம் கேட்பது குறைவு. முப்பது பக்கம் வாசியுங்கள். பிடிக்காவிட்டால் மறுத்துவிடுங்கள். சதக்கத்துல்லா அப்பா மறுத்ததால் உமறு சிறுத்துவிடவில்லை. நல்ல பிரதியாக இருந்தும் உங்களால் முடியாவிட்டால், வேறு வழி காட்டுங்கள். தேசிய நூலகச் சபையில் பிரதியை மதிப்பீட்டுக்கு உட்படுத்தி நூல் வெளியீட்டுக்கு உதவும் திட்டம் இருப்பது எத்தனை எழுத்தாளருக்குத் தெரியும்?

எமது சஞ்சிகைகளுக்கும் ஒரு பொறுப்புண்டு. 'நூல் கிடைக்கப்பெற்றோம், ஆசிரியருக்கு வாழ்த்துகள்' என்ற மூன்று வரியை விட்டுவிட்டு, பிழையைப் பிழை என்று எழுதவேண்டும். எனது நூலுக்கு ஏழு பாராட்டுக் குறிப்புகள் வந்தன. அவற்றில் இரண்டு, அந்தப் புலவரின் 'நீண்ட ஆயுளை' வியந்திருந்தன. அந்த இரண்டு குறிப்புகளையும் நம்பி நாளை யாராவது மேற்கோள் காட்டுவார்கள். அச்சில் வந்த பிழைக்கு அப்படித்தான் சந்ததி பெருகுகிறது.

மீதமிருந்த நூற்றுச் சொச்சப் பிரதிகளில் திருத்தக் கடதாசி ஒன்றை அச்சிட்டு, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டினேன். விற்ற பிரதிகளைத் தேடி ஒட்ட என்னால் முடியாது. அதனால்தான் இந்த இதழில் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்: எனது நூல் உங்களிடம் இருந்தால், முனாஜாத்துப் புலவரின் அத்தியாயத்தில் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். இரண்டாம் பதிப்புக்கான பிரதி தயாராகிறது. அதில் பேரனுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. அவருடைய மகள் சொல்லச் சொல்ல எழுதி, திரும்ப அவருக்கே வாசித்துக் காட்டினேன். ஆறு இடங்களில் நிறுத்தித் திருத்தினார்.

பிரதி இப்போது அந்த மாணவியிடம் இருக்கிறது. நாற்பதாம் பக்கம் வரை பென்சிலால் அடையாளமிட்டு அனுப்பியிருக்கிறாள். முதல் பக்கத்திலேயே மூன்று கேள்விகள். அவற்றுக்குப் பதில் தேடி வரும் சனிக்கிழமை வரக்காமுறைக்குப் போகவேண்டும்.